தொங்கிய கேபிளும் அடுக்கிய பெட்டியும்

வயர் அக்கா வந்தால் எங்கள் பார்சல் கம்பெனியின் எந்தக் கிளையிலும் முதலில் நாற்காலிகள் இடம் மாறும். அடுத்த நிமிடம் மேசைக்கு அடியில் புகுந்துவிடுவார். பேச்சு, சிரிப்பு, தேநீர் எல்லாம் அங்கேதான். கிளைகளின் கம்ப்யூட்டர்களைத் தலைமை அலுவலகத்தின் பிரதான நெட்வொர்க்கோடு இணைப்பது அவர் வேலை. எல்லாக் கிளைகளையும் முடித்துவிட்டு எங்களைக் கடைசிக்கு வைத்திருந்தார். எங்கள் மேனேஜர் அவருடைய கணவர். வீட்டுக்காரருக்கு முதல் பந்தி என்ற பேச்சு வந்துவிடக் கூடாதாம். அந்த ரோஷம் எங்கள் தலையில் வந்து விடிந்தது.

அவர் எங்களிடம் வந்த நாள்தான் கெடு. அன்று சாயங்காலத்துக்குள் இணையாத கிளையை இழுத்து மூடிச் சந்தைக் கிளையோடு சேர்த்துவிடுவதாக உத்தரவு. கவுன்டரில் உட்காரும் எனக்கு இங்கே இல்லையென்றால் அங்கே. மேனேஜருக்குத்தான் ஒரு ராத்திரி ரயில் பயண தூரத்தில் மாற்றல் காத்திருந்தது. மனுஷன் உத்தரவு வந்த அன்றே பெட்டியை அடுக்கி, வீட்டு வாசற்கதவோரம் வைத்துவிட்டார். பேனாகூட நேராகப் படுக்க வேண்டும் என்பவர். முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் 'ஸ்கேல்'. அக்கா தினமும் அந்தப் பெட்டியில் கால் இடித்துக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்பினார்.

மதியமே இணைப்பு வந்துவிட்டது. சோதித்துப் பார்த்துத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்வதுதான் பாக்கி. அக்காவுக்கு ஒரு வழக்கம். கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் டப்பாவில் ஒரு கேபிளின் ஒரு முனையை மட்டும் சொருகி, மறுமுனையைத் தொங்கவிடுவார். லேப்டாப்பை மாட்டிச் சோதிக்க அது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால், டப்பாவின் விளக்குகள் பேய் பிடித்த மாதிரி மின்னுகின்றன. ஒரு கம்ப்யூட்டரும் அசையவில்லை. வெளியே லைன் அறுந்திருக்குமோ என்று மொட்டை மாடிக்கு ஏறி இறங்கினார். மேலே போட்ட வயர் முழுக்கத் தடவிப் பார்த்தார். வெயில் தாழ்ந்தது. அக்காவின் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

கடைசியில் லேப்டாப்போடு மேசைக்கடியில் புகுந்து கையை நீட்டினார்.

"இங்க தொங்கிட்டிருந்த கேபிள் எங்க?"

மேனேஜர் பெருமையாகச் சொன்னார். "பார்க்க நல்லாவே இல்ல. அதான் பக்கத்துல காலியா இருந்த ஓட்டையில சொருகி வச்சேன்."

ஒரே கேபிளின் இரு முனையும் ஒரே டப்பாவில். உள்ளே போனதெல்லாம் வெளியேறாமல் சுற்றிச் சுற்றி வந்து வழியை அடைத்திருக்கிறது. மேசைக்கடியிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள், வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா அந்த முனையைப் பிடுங்கினார். விளக்குகள் அடங்கின. உடனே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"வந்துட்டீங்க, நல்லா தெரியுது" என்றது மறுமுனை. நாங்கள் கை தட்டினோம். சந்தைக் கிளையும் வேண்டாம், ரயிலும் வேண்டாம்.

தூசியோடு வெளியே வந்த அக்கா கணவரைப் பார்த்தார். "என்னங்க, வீட்டுக்குப் போனதும் மொதல்ல அந்தப் பெட்டியப் பிரிங்க."

"சரி. பிரிச்சு அலமாரியில அடுக்கிடறேன்."

"அடுக்க வேணாம். கட்டில் மேல கொட்டுங்க. ரெண்டு நாள் அப்படியே கெடக்கட்டும். நான் பாத்துக்கிட்டே இருக்கணும்."

ஸ்கேல் தலையாட்டினார்.