ஒரு சொடுக்கு, நூறு அடி

என் மேசையில் ஒரு குமிழ் இருக்கிறது. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் தேடத் திருகுவோமே, அந்த அளவு. கறுப்பு நிறம், ஓரமெல்லாம் வரி வரியாக இருக்கும். பார்க்கிறவர்கள் பேப்பர் வெயிட் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. விமானம் எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்பதை விமானி இப்படி ஒன்றைத் திருகித்தான் சொல்வார். ஒரு சொடுக்குக்கு நூறு அடி. இது நிஜ விமானத்தில் இருந்ததில்லை. மராத்தி பேசும் ஊரான சிஞ்ச்வட்டில் நாங்கள் செய்யும் பயிற்சி சிமுலேட்டருக்காக வாங்கியது.

எந்தப் பொருளை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று சொல்வதற்காகவே எங்கள் கம்பெனி ஒரு மூத்த விமானியை வைத்திருந்தது, எங்களுக்கு அவர் கேப்டன். வாரத்தில் பாதி நாள் ஒரு விமானப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பார், மீதி நாள் எங்களிடம். மூன்று தலைமுறையாக தாபோடிப் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். நான் தமிழ் என்று தெரிந்ததும் மற்றவர்களை விட்டுவிட்டு என்னிடமே வந்து குறை சொல்வார். புதுப் பொருள் வந்தால் அதன் பளபளப்பையோ கூடவே வந்த சான்றிதழையோ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதைப் பொருத்தச் சொல்லி, சிமுலேட்டருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே திரைகளும் கருவிகளும் சூடேறி, சட்டை முதுகில் ஒட்டும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகுதான் கை வைப்பார். "மே மாசம் வெயில்ல நின்ன ப்ளேன்ல ஏறிப் பாரும்மா, தந்தூர் அடுப்புதான். அதுல வேலை செய்யாத சாமான் எதுக்கு?" என்பார். கண் முன்கண்ணாடியை விட்டு நகராது. சொடுக்கை விரல்தான் எண்ண வேண்டும், கண் எண்ணக் கூடாது. குனிந்து பார்க்கிற நேரத்தில் எதிரே இன்னொரு விமானம் வந்து நிற்கும் என்பது அவர் கட்சி.

இந்தக் குமிழ் ஒரு புதிய ஆளிடமிருந்து வந்தது. கேப்டன் வியர்த்துக் கொட்டியபடி வெளியே வந்து, "இது டீக் இல்லம்மா, சரியில்ல. சூடு ஏறினா நடுவுல ஒரு சொடுக்கை முழுங்கிடுது" என்றார். வழக்கமாகச் செய்பவரிடம் கேட்டால் மாதக்கணக்கில் ஆகும், சிமுலேட்டரை அனுப்ப வேண்டிய நாளோ கழுத்தை நெரித்தது. எங்கள் மேலாளர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். கேப்டனின் வலது கை லேசாக நடுங்கத் தொடங்கியிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம், அவரும் பார்த்திருந்தார். மேலாளர் குமிழைக் கழற்றி ஏசி அறை மேசையில் வைத்து, ஆளாளுக்குத் திருகச் சொன்னார். எல்லோருக்கும் சரியாக வந்தது. எனக்கும் வந்தது. கடைசியாக கேப்டன் திருகினார். அத்தனை கண்களும் அந்தக் கையையே பார்க்க, அது இன்னும் ஆடியது. நிற்க வேண்டிய இடம் தாண்டிப் போய் நின்றது.

"நாப் டீக் ஹை, சர். ஆப்கா ஹாத்..." என்றார் மேலாளர். குமிழ் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் கைதான் என்பதை மரியாதைக்காக முடிக்காமல் விட்டார். கேப்டன் யாருடைய கையையோ பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்தார். "சிமுலேட்டர் கேபினுக்குள்ள வெச்சு இன்னொரு தடவை பாக்கலாம் சார்" என்று நான் சொன்னேன். "வேணாம்மா. பஸ், போதும்" என்று ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவர் அதோடு விட்டிருக்கலாம். அந்த மாதமே விமானப் பள்ளி வேலையையும் விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. "தன் கையையே நம்ப முடியாதவன் பசங்களை மேல கூட்டிட்டுப் போகக் கூடாதும்மா" என்றார். அதற்கடுத்து எங்களிடம் வருவதும் நின்றது. அந்தக் குமிழோடு சிமுலேட்டர் வெளியூர்ப் பயிற்சிப் பள்ளி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு கோடை கழித்து அது திரும்பி வந்தது. அங்கே ஏசி கெட்டுப்போன வாரத்தில் குமிழ் தாறுமாறாக நடந்துகொண்டதாம். அதற்கு முன்பும் அவ்வப்போது செய்யும், பிள்ளைகள்மீதுதான் பழி போட்டோம் என்று அங்கிருந்த பயிற்சியாளர் போனில் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: அதில் பழகிய பிள்ளைகள் ஒவ்வொரு முறை திருகியதும் குனிந்து எண்ணைப் பார்த்துக்கொள்கிறார்கள், நிஜ விமானத்தில் ஏறியும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் கேபினுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். முதுகு நனையும்வரை காத்திருந்து திருகினேன். ஒரு சொடுக்கு காணாமல் போனது. மறுபடி திருகினேன், மறுபடியும் போனது. எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. திட்டலாம் என்றால் மேலாளர் அதற்குள் ஹிஞ்சேவாடியில் வேறு வேலைக்குப் போயிருந்தார்.

குமிழைக் கழற்றி எடுத்துக்கொண்டு தாபோடிக்குப் போனேன். கேப்டனின் மனைவி அவருக்கு ஸ்பூனால் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். நடுக்க நோய் இப்போது இரண்டு கைகளுக்கும் வந்திருந்தது. விஷயத்தைச் சொல்லி, குமிழைக் கேப்டனின் உள்ளங்கையில் வைத்தேன். திருகிப் பார்த்தார். விரல் நிற்கவில்லை, குமிழ் மடியில் விழுந்தது. "அப்பவே சொன்னாரேம்மா, யாரு கேட்டா? மனுஷன் அன்னைக்கே பாதி செத்துட்டாரு" என்று அந்த அம்மா வெடித்தார். கேப்டன் கோபப்படுவார், இல்லை கொஞ்சமாவது சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"பசங்க குனிஞ்சு பாக்கறாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"முதல் பேட்ச் பசங்க எல்லாம் இப்ப எங்கம்மா பறக்கறாங்க?"

அந்தப் பயிற்சிப் பள்ளியில் கேட்டுப் பார்த்தேன், அவர்களுக்கும் முழுதாகத் தெரியவில்லை. அந்த மழைக்காலத்திலேயே கேப்டன் போய்விட்டார்.

அம்மாவைப் பார்க்கச் சென்னைக்கு விமானத்தில்தான் போகிறேன். இறங்கத் தொடங்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். நான் முன்னால் மூடியிருக்கும் விமானி அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்ததும் குமிழை எடுத்துத் திருகுகிறேன். ஏசி அறையில் ஒரு சொடுக்குகூடத் தவறுவதில்லை.