அறுப்பின் பண்டிகைக்குப் போன கிடார்

மகளுக்குக் கிடார் வாங்க கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கடைக்குள் நுழைந்தேன். புது மரத்தின் வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வயது ஒன்பதாகிவிட்டது. பக்கத்தில் சித்தப்பா நிற்கிறார்.

தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை அவருக்கு. சொந்தமாக ஒரு கிடார் வேண்டும் என்பது பல வருட ஆசை. அதுவரை எங்கள் சர்ச் சபையின் கிடாரைத்தான் இரவல் வாங்கி வாசித்தார். அன்று கடையில் ஒவ்வொன்றின் வயிற்றையும் விரல் கணுவால் தட்டினார், மரத்தில் காதை ஒட்டினார், ஒரு தந்தியை மீட்டிவிட்டு ஒலி அடங்கும்வரை கூரையைப் பார்த்து நின்றார். எனக்கு எல்லாமே ஒரே டொய்ங்.

"ஏட்டி, கண்ண மூடிக்கிட்டு கேளு. இதா, அதா?"

"ரெண்டும் ஒண்ணுபோலதான இருக்கு சித்தப்பா."

"ஒண்ணு பேசுது, இன்னொண்ணு கத்துது. கேக்கலையா?"

கேட்கவில்லை. கால் வலித்தது. மூன்றாம் முறை, "மொத உள்ளதுதான் பேசுது" என்று சும்மா சொல்லி வைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வாங்கி, ஒரு வாரம் தெரு முழுக்கக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. வயலே இல்லாத தாராவியில் எதை அறுப்பது? பெல்ட், பை, தைத்த சட்டை, முறுக்கு என்று அவரவர் தொழிலின் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அத்தனையும் ஏலம் போகும்.

"ஐயாட்ட குடுத்து ஜெபிச்சு வாங்கிட்டு வா" என்று சித்தப்பா கிடாரோடு என்னை அனுப்பினார். போதகரைச் சுற்றிக் கூட்டம். நான் பூசணிக்காய்க்கும் கால் கட்டிய சேவலுக்கும் நடுவே அதைச் சாய்த்துவிட்டு வந்துவிட்டேன். முன்னால் இருந்தால் ஜெபம் அதன்மேலும் விழும்தானே.

விழுந்தது. பின்னாலேயே ஏலமும்.

ஏலம் விட்ட மாமா கிடாரைத் தூக்கிப் பிடித்தார். "நம்ம தம்பி மனசப் பாத்தீங்களா. புத்தம் புதுசுல்லா."

சபை கைதட்டியது. சித்தப்பா எழுந்தார். தன்னுடையது என்று சொல்லிவிடுவார் என நினைத்தேன். சபையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். பிறகு ஏலத்தில் தாமே இரண்டு முறை கை தூக்கினார்.

"குடுத்தவனே கேட்டா எப்படிடே?" என்று பின்வரிசை சிரித்தது. கை இறங்கிவிட்டது.

"ஏக் பார், தோ பார்..." என்று மாமா ஒரு தரம், இரண்டு தரம் எண்ண, தூரத்து நேருளிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா மகனுக்கென்று எடுத்துக்கொண்டார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வருகிறவர் போகிறவரெல்லாம் அவர் கையைக் குலுக்க, அவர் சிரித்துக்கொண்டே கிடார் போகும் பக்கம் பார்த்தார். கொடுத்ததற்குச் சந்தோஷமா, போனதற்கு வருத்தமா? ஒரே முகத்தில் இரண்டும் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு வார்த்தையில் திரும்ப வாங்கியிருக்கலாமே என்பது மட்டும் தெரிந்தது.

வெளியே டாக்ஸியில் பெரியம்மாவின் மடியில் கிடார். சித்தப்பா ஓடிப்போய் ஜன்னலில் குனிந்தார்.

"மழக்காலத்துல செவுத்துல சாத்திராதீங்க அக்கா. சத்தம் செத்துரும்."