அந்தப் படத்துக்கு விழுந்த பதினொரு சிரிப்பு

போன வருடம் ஓணம் விடுமுறையில், திருவனந்தபுரம் வலியசாலையில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. இப்போது எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். கணவருக்குச் சாலைக் கடைவீதியில் பாத்திரக் கடை. எனக்குக் கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனி வேலை. மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் எட்டாம் வகுப்பு. மகளுக்குப் பத்து வயதானபோதே உட்காரவைத்து, மாதவிடாய் என்றால் என்ன, யார் எங்கே தொட்டால் கத்த வேண்டும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆபீஸில் மற்ற அம்மாக்களுக்கு இதைப் பற்றி வகுப்பே எடுத்திருக்கிறேன். மகனுக்கு? ஆண் பிள்ளைக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

அந்த விடுமுறைக்குக் கொஞ்ச நாள் முன்பு, அவன் தன் படுக்கை விரிப்பைத் தானே துவைக்க ஆரம்பித்தான். வாரத்தில் ஓரிரு நாள், காலையில் நாங்கள் எழுவதற்குள் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டுவிடுவான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவனுக்குத் தெரியாமல் அதைப் படம் எடுத்து, ‘பதிமூன்று வயதில் தன் துணியைத் தானே துவைக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா?’ என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினொரு சிரிப்பு முகங்கள் வந்தன. பதினொன்றும் ஆண்கள் போட்டவை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஓணத்தன்று சாப்பாட்டுக்குக் கணவரின் தம்பியும் என் அண்ணனும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். இலையில் பரிமாறிக்கொண்டே மறுபடியும் மகன் புராணத்தை ஆரம்பித்தேன். ஆண்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பையன் பெரிய ஆளாயாச்சு மைனி. இனி நெறைய தொவைப்பான்” என்றார் கொழுந்தன்.

மூவரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். மகன் பாயசத்துக்குக் காத்திராமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போனான்.

அதற்குப் பிறகு அவன் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தான். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். பந்து விளையாடப் போவதை நிறுத்தினான். கன்னம் ஒட்டிப்போயிற்று. படிப்புச் சுமை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் விளையாடப் போகவில்லை என்று விடாமல் கேட்டபோதுதான் உடைந்தான்.

“அம்மா, எனக்கு என்னமோ பெரிய அசுகம் இருக்கு. அப்பாட்ட சொல்லாத, சிரிப்பாங்க. நான் இல்லேன்னா என் சைக்கிள அக்காவுக்குக் குடுத்துரு.”

அழுகைக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். தூக்கத்தில் அவனை அறியாமல் உடுப்பு நனைந்துவிடுகிறது. அது சிறுநீர் இல்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் போனில் தேடியிருக்கிறான். எவனோ ஒரு போலி வைத்தியன், ரத்தம்தான் அப்படி வீணாகிறது, உடம்பு உருகிச் செத்துப்போவார்கள் என்று வீடியோவில் பேசியிருக்கிறான். அன்றிலிருந்து என் பிள்ளை நாளை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறான்.

அன்றைக்கே ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். “இது அசுகம் ஒண்ணும் அல்ல மோனே, வளர்ச்சயாணு” என்று மலையாளத்தில் சொன்னவர், இது நோய் இல்லை, வளர்ச்சிதான் என்பதை ஒரு தாளில் படம் வரைந்தே விளக்கினார். இந்த வயதில் உடம்பில் விந்து உண்டாக ஆரம்பிக்கும், சில சமயம் தூக்கத்தில் அது தானாக வெளியேறும், நிறையப் பையன்களுக்கு நடப்பதுதான் என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் மகன் பரோட்டா வேண்டும் என்றான். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் எங்கள் வீட்டில் ஒருத்தரும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

மகனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகு கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“இதெல்லாம் யாராவது சொல்லிக் குடுப்பாவளா? எனக்கு யாரு சொன்னா? தன்னால தெரிஞ்சுக்கிடுவான்” என்றார்.

நீங்கள் எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று நானும் விடவில்லை. கடைசியில் சொன்னார். அவரும் அந்த வயதில் நோய் என்றுதான் பயந்திருக்கிறார். சரியானால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு, எதற்கு என்று வீட்டில் சொல்லாமலே போட்டும் வந்திருக்கிறார். பள்ளிக்கூட குரூப் போட்டோவில் அவர் மொட்டைத் தலையோடு நிற்பதை நானே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தெரியாமல் சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். அந்தப் பயம் என்னவென்று தெரிந்த மனுஷன், தன் பிள்ளை இலைக்கு முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தபோது சிரித்திருக்கிறார்.

“அப்போ ஓணத்தன்னைக்கு எதுக்குச் சிரிச்சிய?” என்றேன். “அவன் மாடியிலதான் இருக்கான். இப்பமே போங்க. அந்த மொட்டைக் கதைய அவன்ட்ட சொல்லிட்டுக் கீழ எறங்குங்க.”

போனார். இரண்டு பேரும் இறங்கிவர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்காக என் கோபம் தீர்ந்துவிடவில்லை. கொழுந்தனோடும் அண்ணனோடும் நான் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்த என்மேல் உள்ள கோபம் அதைவிடப் பெரிது.

அந்தப் படம் இன்னும் குடும்பக் குழுவில் கிடக்கிறது. எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கிற நேரம் தாண்டிவிட்டதாம். பயந்துபோன ஒரு பிள்ளை யாருக்கும் தெரியாமல் துவைத்த துணியைப் பார்த்து, விஷயம் தெரிந்த பதினொரு பேர் சிரித்தார்கள், தெரியாத நான் பெருமைப்பட்டேன். பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எந்த வயதில் சொல்ல வேண்டும் என்று இப்போது யாராவது கேட்டால், அந்தப் படத்தை எடுத்த நாளுக்கு முன்னால் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.