ஓட்டைச் சைலன்சரும் ஒரு தலை ஆடியும்

என் முதல் மோட்டார் சைக்கிள் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தது. இரண்டாம் உலகச் சண்டை முடிந்ததும் பெங்களூர் கண்டோன்மெண்டில் பழைய வண்டிகளை ஏலம் விட்டார்கள். அதில் ஒன்று நாலைந்து கை மாறி, ஐம்பதுகளின் நடுவில் என்னிடம் வந்து சேர்ந்தது. பச்சைச் சாயத்துக்கு மேல் யாரோ கறுப்பு அடித்திருந்தார்கள். தொடை உரசும் இடத்திலெல்லாம் பட்டாளம் எட்டிப் பார்க்கும். ஓசூரில் அதை ஒருவரும் மோட்டார் சைக்கிள் என்று சொன்னதில்லை. தமிழோ கன்னடமோ தெலுங்கோ, எல்லார் வாயிலும் அது பட்பட்டிதான்.

அந்தப் பெயருக்குக் காரணம் அதன் சைலன்சர். அதில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. வண்டி வருவதற்கு ரொம்ப நேரம் முன்பே சத்தம் வந்துவிடும். மாடுகள் கயிற்றை இழுக்கும், கோழிகள் வேலி தாண்டும், கிழவர்கள் என் பரம்பரையையே திட்டுவார்கள். எனக்கு அது பழகிவிட்டது. தன் குறட்டை தனக்குக் கேட்காது என்பார்களே, அந்தக் கதை.

கிணறுகளுக்கு ஆயில் எஞ்சின் வைப்பது அப்போதுதான் எங்கள் பக்கம் பரவிக்கொண்டிருந்தது. எஞ்சின் விற்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு மெக்கானிக் வேலை. ஓசூரில் வாடகை வீடு. சூளகிரி, கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, காவேரிப்பட்டினம் என்று எந்தக் கிணற்றில் எஞ்சின் மக்கர் பண்ணினாலும் நான் போக வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஒரு கிணற்றுக்கு ஒரு நாள். வண்டி இருந்ததால் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலாம்.

வேலைக்குப் போகிறேன் என்று பெயர். உண்மையில் ரோட்டுக்காகத்தான் போனேன். விடிகாலையில் ஓசூரில் பனி இறங்கியிருக்கும். பட்டாளத்துக் கோட்டு, காதை மூடிய மஃப்ளர், கண்ணுக்குக் கண்ணாடி, இவ்வளவு இருந்தும் பல் தந்தியடிக்கும். சூளகிரி மலையைத் தாண்டி ரோடு இறங்க இறங்கக் காற்றில் வெதுவெதுப்பு ஏறும். வழியில் ஒரு டீக்கடையில் கோட்டைக் கழற்றிக் கேரியரில் கட்டுவேன். கிருஷ்ணகிரி வருவதற்குள் வியர்வையே வந்துவிடும். ஒரே காலையில் இரண்டு ஊர் வெயிலையும் குளிரையும் உடம்பில் வாங்கிக்கொண்டு போவது ராஜாவுக்குக்கூடக் கிடைக்காத சுகம் என்று நினைத்துக்கொள்வேன். ராஜா காரில்தானே போவார்.

வைகாசியில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் நாகரசம்பட்டி. ஊருக்கு வெளியே ரோட்டை ஒட்டி மாந்தோப்பு, தோப்புக்குள் வீடு. ஓசூருக்குக் குடித்தனம் வந்த முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். மாலையில் நான் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் கதவு திறந்திருக்கும். டம்ளரில் காபி ஆவி பறக்கும். எப்படி என்று கேட்டேன்.

"ஏரிக்கரைல திரும்பறப்பவே தெரியுதுங்க. ஒல வெக்கறதா, காபி போடறதான்னு அத வெச்சுத்தான் கணக்கு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பின்னால் உட்காரவைத்துச் சுற்றுவேன். தெருவைத் தாண்டும்வரை சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பாள். கடைசி வீடு போனதும் கை என் தோளுக்கு வரும். ராயக்கோட்டைக் கோட்டை மலை அடிவாரம்வரை போய், தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்று ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்புவோம். பேச முடியாது, சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஆனாலும் அவள் பாட்டுக்குப் பின்னால் ஏதோ பேசிக்கொண்டே வருவாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டுவேன். என்ன பேசினாள் என்று இன்று வரை தெரியாது.

இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு ஆடி வந்தது.

புதுசாகக் கல்யாணமான பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். "ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப் பிடித்துச் செருப்பால் அடி" என்று பழமொழியே இருக்கிறது. என் மாமியார் அந்தப் பழமொழிக்கு இடம் கொடுக்கிறவர் இல்லை. ஆடி முதல் நாளே இரண்டு பேரையும் அழைத்து, தேங்காயின் கண்ணைத் திறந்து வெல்லமும் அவலும் எள்ளும் போட்டுக் குச்சியில் குத்தி நெருப்பில் சுட்டு, பிள்ளையாருக்குப் படைத்து, எனக்கு வயிறு முட்டப் போட்டார். இலையை எடுக்கும்போது கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னார்:

"ஆவணி மொத நாளு வந்து கூட்டிக்கிட்டுப் போங்க மாப்ள. அது வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கப்படாது. ஆடில உண்டானா சித்திரைல பொறக்கும், வெயிலு தாங்காது."

நான் தலையாட்டினேன். வாசப்படியைத்தானே மிதிக்கக் கூடாது? ரோடு சர்க்காருடையது.

நாகரசம்பட்டிக்கு அப்பால் ஒரு மிராசுதார் கிணற்றில் எங்கள் எஞ்சின் இருந்தது. நல்ல எஞ்சின். அந்த ஆடியில் மட்டும் அதற்கு அடிக்கடி நோய் வந்தது, நான் போய்ப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. மிராசுதார் வெற்றிலையை மென்றுகொண்டே, "எஞ்சினு நல்லாத்தான் ஓடுது. ரிப்பேரு மெக்கானிக்குக்குத்தான் போல," என்பார். கூலியாட்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மாமியார் வீட்டு மாந்தோப்பு வேலியை ஒட்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கல்தொட்டி. நான் வரும்போது இடுப்பில் குடத்தோடு அவள் அங்கே நிற்பாள். நிறுத்தினால் ஊர் பேசும், அதனால் இரண்டாவது கியரில் மெல்லப் போவேன். வேலிக் கல்லின் மேல் ஒரு நீலம் மாம்பழம் இருக்கும். கடைசி அறுவடைப் பழம். ஓடுகிற வண்டியிலிருந்து ஒரு கையால் அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வேன். அவள் குடத்தைப் பார்த்துச் சிரிப்பாள். அவ்வளவுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்ததோ என்னவோ, அந்த ரோட்டில் திரும்பி வரும்போது நான் பறந்திருக்கிறேன். பழத்தை ஓசூர் வந்து வீட்டுக் கதவைத் திறந்த பிறகுதான் தின்பேன். காலி வீட்டில் ஒற்றை ஆளாக நின்று தின்ற அந்தப் பழங்களின் ருசி வேறு எதிலும் வரவில்லை.

ஆடி பத்தாம் தேதி வாக்கில் உதிரிச் சாமான் வாங்க பெங்களூர் போனேன். கண்டோன்மெண்டில் எனக்கு வேண்டிய பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். கல்யாணத்துக்கு வர முடியாமல் போன குறை அவருக்கு. என் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார்.

"இன்னாப்பா இது? புது மாப்ள ஓட்டற வண்டியா இது? காசநோய்க்காரன் மாரி இருமுதே!"

நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஓட்டைச் சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறொரு பட்டாளத்து வண்டியின் நல்ல சைலன்சரை மாட்டிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "கல்யாணத்துக்கு வரல இல்ல? இதான் என் மொய்," என்றார். மொய்யை மறுப்பது மரியாதையா? வாங்கிக்கொண்டேன்.

அன்று திரும்பும்போது எல்லையில் ஒரு கூத்து. மைசூர்ப் பக்கம் சாராயக்கடை திறந்திருக்கும், நம் பக்கம் மதுவிலக்கு. செக்போஸ்ட்டில் எல்லா வண்டியையும் துழாவுவார்கள். என்னை மட்டும் விடுவார்கள், சத்தம் கேட்டதுமே தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுவார்கள். அன்று கட்டை தூக்கவில்லை. ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து, "பூன மாதிரி எங்க நழுவற?" என்று டூல் பெட்டியைக் கவிழ்த்து, தண்ணீர் பாட்டிலை மோந்துகூடப் பார்த்தார். முகத்தைப் பார்த்த பிறகுதான், "அட, நீயா? சத்தத்த எங்கப்பா வெச்சுட்டு வந்த?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று எனக்கு உறைக்கவில்லை.

உறைக்கிற நிலையில் நான் இல்லை. வண்டி வாங்கி அவ்வளவு நாளில் அன்றுதான் முதல் முறையாக ரோட்டைக் கேட்டேன். சக்கரத்தின் கீழே சரளை நொறுங்குவது, ராகிக் காட்டில் களை பறிக்கிற பெண்கள் ஒருவரையொருவர் கேலி பேசுவது, எங்கோ கவுதாரி கத்துவது, எல்லாம் கேட்டது. வண்டி எண்ணெய் தடவியது போலப் போனது. இந்தச் சுகத்தை அவளுக்குக் காட்ட வேண்டும், இனிமேல் அவள் பின்னாலிருந்து பேசுவது என் காதில் விழும் என்று நினைத்து நினைத்துப் பூரித்தேன்.

அடுத்த தடவை நாகரசம்பட்டி போனபோது தொட்டியருகே அவள் இல்லை. வேலிக் கல்லில் பழமும் இல்லை. வேலையாக இருப்பாள் என்று போனேன். அதற்கடுத்த தடவையும் இல்லை. ஆடிப்பெருக்கன்று, தென்பெண்ணைக்குப் போக அந்த வழியாகத்தான் வருவார்கள் என்று இரண்டு முறை தோப்பைக் கடந்தேன். ஒரு எருமை மட்டும் தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எஞ்சினின் இருமலை வைத்தே எந்த வால்வு போயிற்று என்று சொல்கிற எனக்குப் புரியவில்லை. வீட்டில் தடுத்துவிட்டார்களோ, உடம்புக்கு ஏதாவதோ என்று முதலில் தவித்தேன். பிறகு தவிப்பு கோபமாயிற்று. தாய்வீட்டுச் சோறு கண்டதும் நான் கசந்துவிட்டேனா? கார்டு போடலாம், ஆனால் தபால்காரர் முதல் மாமனார் வரை எல்லாரும் படித்த பிறகுதான் அவள் கைக்குப் போகும். மிராசுதார் எஞ்சினுக்கு நோய் குணமாகிவிட்டது. நான் போவதை நிறுத்திவிட்டேன். மிச்ச ஆடி முழுக்க ராயக்கோட்டைப் பக்கமே வேலை பார்த்தேன். அவ்வளவு நல்ல வண்டி, அவ்வளவு நல்ல ரோடு, ஒன்றும் பிடிக்கவில்லை. ஓசூரில் ஏரிக்கரை திரும்பும்போது மட்டும், பூட்டியிருக்கும் என்று தெரிந்தே கதவைப் பார்ப்பேன்.

ஆவணி முதல் நாள் விடிந்ததும் கிளம்பினேன். கோபம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். தோப்புக்குள் வண்டியை விட்டு வாசலிலேயே நிறுத்தினேன். ஒருவரும் வெளியே வரவில்லை. மாப்பிள்ளைக்கு இதுதான் வரவேற்பா என்று விறுவிறுவென்று உள்ளே போனேன். கூடத்தில் டிரங்குப் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, ரோட்டுப் பக்கம் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது போல எழுந்தாள்.

"பஸ்ஸுலயா வந்தீங்க?"

நான் விழித்தேன்.

"வண்டிய வித்துட்டீங்களா? இல்ல, எங்கயாவது விழுந்து கிழுந்து..." என்று என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"வண்டி வாசல்லதான் நிக்குது," என்றேன்.

நம்பாமல் வெளியே ஓடினாள். நானும் போனேன். பளபளவென்று இருந்த சைலன்சரைக் குனிந்து பார்த்து விரலால் தொட்டாள். சூடு பட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் நேரம் பார்த்து வந்து நின்றதில்லை. சத்தம் கேட்டுத்தான் குடத்தை எடுத்திருக்கிறாள்.

"எம்மேல கோவம் ஏதாச்சுமா, மனசு விட்டுப்போச்சான்னு நெனச்சு தெனமும் காதத் தீட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்," என்று அழுதாள். நான் வந்து போனேன், இத்தனை தடவை வந்து போனேன் என்று சொல்லச் சொல்ல இன்னும் அழுதாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல் வந்தது. "நல்ல மாப்ள! ஊருக்கே கேக்கற மாதிரி வந்தப்ப, தொட்டிக்குத் தண்ணி ஊத்துடின்னு நாந்தான கொடத்தக் குடுத்து அனுப்பினேன்? திருடனாட்டம் வந்தா யாருக்குத் தெரியும்?"

மாமனாரின் கடப்பாரையை வாங்கி, வாசலில் வைத்தே அந்த மொய்ச் சைலன்சரில் ஓர் ஓட்டை போட்டேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தில் குந்தியிருந்து, "இன்னுங் கொஞ்சம் பெருசா," என்றாள். வண்டியை உதைத்தேன். தோப்பிலிருந்த கிளிகளெல்லாம் எழும்பின. அன்று அவள் தெரு தாண்டும்வரை காத்திருக்கவில்லை, வாசலிலேயே தோளைப் பிடித்துக்கொண்டாள். ஓசூர் வரை பின்னாலிருந்து என்னென்னவோ பேசினாள். ஒரு சொல்லும் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினேன்.

பட்டறைக்காரர் பிறகு பார்த்துவிட்டு, "மொய்ல ஓட்ட போட்டவன் நீ ஒர்த்தன்தான்யா," என்று நெடுநாள் பேசாமல் இருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டி மாற்றினேன். எந்த வண்டியானாலும் வந்த அன்றே அதன் சத்தத்தை அவள் படித்துவிடுவாள். நான் இறங்குமுன் கதவு திறந்திருக்கும். கடைசி வரை அப்படித்தான் இருந்தது. அவள் போய்விட்டாள். என் கால் கிக்கரை உதைக்கிற காலமும் போய்விட்டது. மகன் வண்டி வைத்திருக்கிறான், பூனை மாதிரி வருகிறது.

பகலெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் எந்த வண்டி போனாலும் காது தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. வரவேண்டியவர் யாருமில்லை என்று தெரியும், ஆனாலும் திரும்புகிறது. வண்டி ஓட்டுகிறவனுக்கு ரோடு உண்டு, காற்று உண்டு, போகிற வழியில் ஒரு டீ உண்டு. உட்கார்ந்திருப்பவருக்குக் காது மட்டும்தான். அந்த மிச்ச ஆடியை அவள் எப்படிக் கழித்தாள் என்று இப்போதுதான் தெரிகிறது. அவளுக்காவது ஆடி முடிந்தால் ஆவணி வரும் என்று தெரிந்திருந்தது.