சக்ரேஸ்வரி தாண்டிய பக்கங்கள்

சக்ரேஸ்வரி ஆரணியில் என்னோடு டைப்ரைட்டிங் கற்றவள். எண்பத்தொன்றில் லோயர் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்கவும் வருவதாக இருந்தார்கள். அவளோ பறக்கும் தீவைப் பற்றிய ஒரு மந்திரக்கதையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. வாரப்பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதை அது.

"ஏழு தடவ படிச்சிட்டேன் அம்மணி. நீயும் படி, வேல கிடைக்கலங்கற கவலையே மறந்துடும்" என்று என் கையில் திணித்தாள்.

மறந்துதான் போனது. மூன்றே நாளில் முடித்துவிட்டு வகுப்புக்கு ஓடினேன்.

"மந்திரவாதி இளவரசனோட அண்ணன்தான்னு ஏண்டி சொல்லல?"

"அண்ணனா? அது கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாதேடி."

"விருந்துல கோழிக்கால கடிச்சிகினே அவனே சொல்றானே."

அவள் விரல்கள் டைப்ரைட்டரில் நின்றன. ஜைன வீட்டுப் பெண். கறி வரும் பக்கங்களை ஏழு தடவையும் படிக்காமலே புரட்டியிருக்கிறாள். எனக்குக் கோபமே வந்தது. இப்படிப் படித்துவிட்டா ஊர் முழுக்கச் சிபாரிசு செய்தாள்?

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். பரீட்சையும் வெள்ளிக்கிழமையும் அந்த முகத்தில் இல்லை.

"ஜல்தியா சொல்லுடி. கோழிய மட்டும் விட்டுடு."