மல்லி பெட்டையா, சேவலா

கத்திவாக்கத்துக் குணசுந்தரிக்கு விடிந்தது என்றால், வெள்ளைக் கோழி ஒன்று மடியில் வந்து படுத்தது என்று அர்த்தம். கழிமுகத்துப் பனியில் கூரைகள் கரைந்துகொண்டிருக்கும். அனல்மின் நிலையப் புகைபோக்கி தரையே இல்லாமல் ஆகாயத்தில் மிதக்கும். அந்த நேரத்தில் மல்லி கண்மூடித் தூங்கும். மல்லி என்று பெயர் வைத்தவளும் அவள்தான், பெட்டை என்று தெருவெல்லாம் சொன்னவளும் அவள்தான்.

சொல்லாமல் என்ன செய்வாள்? புருஷன் அப்பாவு, புது இஞ்சின் பூட்டிய படகு கடலில் இறங்கும் நாளில் எல்லையம்மனுக்குச் சேவல் அறுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தான். அது வீட்டில் பொரித்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கியது ஆகாது, பெட்டையும் ஆகாது. அடைவைத்ததில் மற்றதெல்லாம் பருந்துக்கும் பூனைக்கும் போக, மிஞ்சியது மல்லி ஒன்று.

படகு இறங்கும் நாள் காலை நாத்தனார் மங்கம்மா வந்தாள். அவளுக்குக் கோழி அத்துப்படி. அவள் மாமியார், அந்த மாமியாரின் அக்கா எண்ணூர் தேசம்மா, எல்லாரும் கோழி வளர்த்தே பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்கள். மல்லியைத் தூக்கி முதுகைக் கோதினாள்.

"இன்னா குணா, இத்தப் போயி பெட்டைன்ற? வாலாண்ட எறகப் பாரு, ஊசியாட்டம் கூரா கீது. பெட்டைக்கு முனை வட்டமா இருக்கும். காலு வேற கட்ட கட்டயா!"

"கொண்டையே இன்னும் சரியா வர்லியே அண்ணி..."

"வர்லியா? செவந்துகினு வருது. உனக்குத்தான் கண்ணு அவிஞ்சி பூட்ச்சி."

அப்பாவு செல்போனிலிருந்து தலை தூக்காமல் சிரித்தான். "மல்லின்னு பேரு வெச்சா முட்ட வுடும்னு நெனச்சிகினா போல."

குணசுந்தரிக்குத் தெரியாமலா? அந்தக் கூர் இறகுகளைத் தடவித் தடவி, வட்டம் என்றே தன் விரலை நம்பவைத்திருந்தாள்.

கோயிலில் பூசாரி மல்லியின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். உடம்பை உலுக்கிச் சிலிர்த்தால்தான் அம்மன் சம்மதம். சிலிர்க்கவில்லை. மறுபடி ஊற்றினார். அது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. புகைபோக்கிச் சாம்பல் படிகிற அந்த வெள்ளையை நாள் தவறாமல் குளிப்பாட்டி வந்த குணசுந்தரி, அதற்குத் தண்ணீர் பழக்கம் என்பதைச் சொல்லவில்லை.

"ஆத்தாளுக்கு வோணாமாம் நைனா," என்றார் பூசாரி. "பூசணிக்கா ஒட."

"இது கோழியா, வாத்தா?" என்று மங்கம்மா முணுமுணுத்தாள்.

அப்பாவு ஏறிய படகு அலையைத் தாண்டிப் பனியின் வெண்மைக்குள் போயிற்று. ஈரச் சேவலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, 'ஆத்தா, கோபத்த என்மேல காட்டு, அவரக் காப்பாத்து' என்று வாய்க்குள் சொன்னபடியே குணசுந்தரி கரையில் நின்றாள்.