ஜெயரூபன் அடித்த காற்று

பெரகல சந்தியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஜெயரூபனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: காற்று. உப்பியிருந்தால் இறக்கு, சப்பியிருந்தால் அடி. மனைவி ஜீவராணி கோபப்பட்டால்கூட, "போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வா" என்பான்.

எட்டு வயது மகள் விதுஷா தண்ணீர்த் தொட்டிச் சுவரிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டாள். பதுளையில் ஒரு தனியார் டாக்டர் ஃபைபர் கட்டுக்கு இருபத்தையாயிரம் கேட்டார்.

"அந்தக் காசுக்கு மூணு டயர் வாங்கலாம்!" என்று பிள்ளையை அள்ளிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனான் ஜெயரூபன். அங்கே மாவுக்கட்டு இலவசம்.

நான்காம் நாள் அரிப்பெடுத்தது.

"அப்பா, உள்ளுக்கு எறும்பு ஊர்வலம் போகுதுப்பா!"

ஜீவராணி ஈர்க்குச்சியோடு வந்தாள். "குச்சி விடாத, புண்ணாயிரும்" என்று தடுத்தவன், கடையிலிருந்து கைப்பம்பைக் கொண்டுவந்து, குழாயைக் கட்டின் விளிம்பில் வைத்து மெதுவாக அழுத்தினான். புஸ்ஸ்... விதுஷாவுக்குக் கண் சொக்கியது.

மறுநாளே தோட்டத்து லயத்து வீடுகளின் பிள்ளைகள் வரிசையில் நின்று, விதுஷாவின் கட்டுக்குள் ஆளுக்கு இருபது தரம் பம்பு அடித்தார்கள். ஜெயரூபனுக்குத் தலை கால் புரியவில்லை. இன்னும் சுகமாக இருக்கட்டுமென்று பம்புக் குழாய்க்குள் அரை டப்பா பவுடரைக் கொட்டி ஓங்கி அடித்தான். பாதி கட்டுக்குள் போனது, மீதி அவன் முகத்தில் அப்பியது. வெளியே வந்தவனைப் பார்த்து அவன் வளர்த்த நாயே குரைத்தது.

பவுடர் வியர்வையில் ஊறிக் களியாக இறுகியது. ஒரே வாரத்தில் நாற்றம் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டை வெட்டித் திறந்த நர்ஸ் கலாராணி மூக்கைப் பொத்திக்கொண்டாள். கால் நெடுகச் செக்கச்செவேல் என்று தடிப்பு.

"உள்ள என்னங்க போட்டீங்க?"

"காத்துங்க மிஸ்."

"காத்துல மல்லிகப்பூ வாசம் எப்பிடிங்க வந்துச்சு?"

ஜெயரூபன் ஜீவராணியைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள்.

புதுக் கட்டும் இலவசம்தான்; ஆனால் வெளியே வாங்கிய களிம்பு, திரும்பத் திரும்பத் திரீவீலர் கூலி, ஜீவராணி வேலைக்குப் போகாத நாட்கள் என்று எல்லாம் சேர்ந்து இருபத்தேழாயிரம் கரைந்தது. அதைப்பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவிட்டான்.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது, அவித்த கிழங்குபோல் தோல் உரிந்தது. "ஐயோ, குஷ்டமா மிஸ்?" என்று அலறினான்.

"அழுக்குத்தாங்க. வெதுவெதுப்பான தண்ணியில கழுவி எண்ண பூசுங்க."

மறுநாளே விதுஷா நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். உரியும் தோலைப் பார்க்க வந்த பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு டொபி மிட்டாய் கட்டணமாக வாங்கினாள். மாலையில் புத்தகப்பையை மூட முடியவில்லை.